மன்றப் பொருளும் கணக்குப் புத்தகமும்: குமரி மாவட்டத்து இளைஞரும் பொதுக்காரியப் பயிற்சியும்

ஒரு வீட்டின் எல்லையைத் தாண்டி, பலருடைய பணம், பலருடைய உழைப்பு, பலருடைய சம்மதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நடைபெறக்கூடிய செயல்களைப் பொதுக்காரியம் என்று கொள்ளலாம். ஊருக்குக் குடிநீர் கொண்டுவருவதும், சந்தையை ஏலம் விடுவதும், ஆற்றங்கரையில் யார் கடை போடலாம் என்று முடிவு செய்வதும், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஏன் பாதியில் நின்றுபோயிற்று என்று விசாரிப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை முன்னின்று நடத்தும் திறனே குடிமைத் தலைமை. தேர்தலில் வென்று பதவி பெறுவது அத்தலைமையின் ஒரு வடிவம் மட்டுமே. கூட்டுறவுச் சங்கத்தின் செயலரும், படிப்பகத்தின் பொருளாளரும், பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து கணக்குக் கேட்கும் தாயும் அதில் அடங்குவர். இத்திறன் பிறப்பிலேயே சிலருக்கு வாய்க்கிறது என்ற நம்பிக்கையும், மேடைப்பேச்சுப் பயிற்சியால் எவருக்கும் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் தமிழகத்தில் ஒருசேர வலுவாக இருக்கின்றன. முதலாவது நம்பிக்கை வாரிசுகளை உண்டாக்கியது. இரண்டாவது, கல்லூரிதோறும் ஆளுமை வளர்ச்சி முகாம்களை உண்டாக்கியது. குமரி மாவட்டத்தின் அருவியூரான திற்பரப்பைச் சுற்றியுள்ள நிலப்பகுதியின் வரலாற்றைப் பார்த்தால், இவ்விரண்டையும் விடப் பழைய முறை ஒன்று புலப்படுகிறது. சிறியதாயினும் உண்மையான பொறுப்பு, அதற்குரிய நடைமுறை விதி, பிறர் பார்வைக்குத் திறந்து வைக்கப்படும் கணக்கு ஆகிய மூன்றும் இளைஞரின் கையில் ஒப்படைக்கப்பட்ட இடங்களிலெல்லாம் தலைமை உருவாகியிருக்கிறது. அவை மறுக்கப்பட்ட இடங்களில் எவ்வளவு பயிற்சி கொடுத்தும் பேச்சாளர்களே மிஞ்சியிருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று கி.பி. 866ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் செப்பேடு. முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று அங்கே திருமால் கோயில் ஒன்றை எடுப்பித்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, அதனோடு சாலை ஒன்றையும் மன்னன் நிறுவிய செய்தியை அது கூறுகிறது. சாலை என்பது உண்டு உறைந்து கற்பதற்கான கல்வி நிலையம். காந்தளூர்ச் சாலையின் நடைமுறையே இதற்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. மாணவர்களுக்குச் சட்டர் என்று பெயர். அவர்களுக்கான இடங்கள் 95. வேதப் பிரிவு வாரியாக அவை பங்கிடப்பட்டிருந்தன. இதுவரை வியப்பில்லை, அக்காலத்துக் கோயில் சார்ந்த கல்வி நிலையங்கள் பலவற்றைப் பற்றி இப்படித்தான் சொல்ல முடியும். சேர்க்கைக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும் இடத்தில்தான் செப்பேடு தனித்து நிற்கிறது. இலக்கணமும் புரோகிதமும் அறிந்திருத்தலோடு, மூன்று இராச்சியங்களின் வியவகாரத்துக்கு வேண்டிய அறிவும் தேவை என்று அது விதிக்கிறது. மூன்று இராச்சியங்கள் என்பதற்குச் சேர, சோழ, பாண்டிய அரசுகள் என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்படுகிறது. மூன்று பேரரசுகளுக்கு இடையில் நெருக்குண்டு கிடந்த சிறு நாடு ஒன்று, அண்டை அரசுகளின் வழக்காறு தெரிந்த இளைஞர்களைத் தனக்கென்று தேடியது இயல்பே. ஓதுவதற்கு மட்டும் ஆள் வேண்டியிருந்தால் அத்தகைய நிபந்தனைக்குத் தேவையே இருந்திராது.

அச்செப்பேட்டின் ஒழுங்கு விதிகளும் கவனத்துக்குரியவை. சட்டர்கள் ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் என்ன தண்டம், கைகலப்பில் இறங்கினால் என்ன தண்டம், கூடும் இடத்துக்கு ஆயுதத்தோடு வரலாமா என்பன போன்றவற்றுக்கெல்லாம் விதிகள் உண்டு. கருத்து மாறுபாடு வரும், சண்டையும் மூளும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு எல்லை கட்டியிருப்பது இவ்விதிகளின் சிறப்பு. கூட்டத்தில் நடந்துகொள்ளும் முறையையும் கல்வியின் பகுதியாகக் கருதிய மரபு இது. அதே வேளையில் இந்தக் கல்வி எவர்க்கு என்ற கேள்விக்கு அங்கே இருந்த பதில் ஒன்றே ஒன்று: வேதம் ஓதும் ஆண்கள். சாலையைத் தம் உழைப்பால் தாங்கிய உழவரின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. குமரி நாட்டின் பொதுவாழ்வு வரலாறு முழுவதையும் அந்த 95 இடங்களின் வேலியை உடைக்க நடந்த முயற்சி என்று படித்தாலும் பெரிய தவறு ஆகாது.

வேலி உடனே உடைந்துவிடவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1903இல் அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் இல்லத்தில் கண்டெடுத்த ஓலைகளிலும் அவற்றை ஒட்டிய ஆவணங்களிலும், குமரி நாட்டின் ஒரு பகுதியான நாஞ்சில் நாட்டுப் பிடாகைகளின் நாட்டார் கூடி, முறையற்ற வரியைச் செலுத்துவதில்லை என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீர்மானித்த செய்திகள் கிடைக்கின்றன. பிடாகை என்பது பல ஊர்கள் சேர்ந்த பழைய ஆட்சிப் பிரிவு. அரசனை எதிர்த்துக் கூட்டாக முடிவெடுத்து, அதை எழுத்தில் பதிந்து வைத்த துணிவு பெரிது. ஆனால் நாட்டார் என்போர் நிலமுள்ள குடும்பங்களின் தலைவர்கள். இளைஞர் அங்கே கற்றதெல்லாம் பெரியவர் பக்கத்தில் நின்று கேட்டுக் கற்றதுதான்.

அன்று குமரி நாடு அடங்கியிருந்த திருவிதாங்கூர் அரசு 1888இல் சட்டமன்றக் குழுவையும், 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையையும் ஏற்படுத்தியது. பிரஜா சபை என்பது மக்களின் பிரதிநிதிகள் ஆண்டுக்கொரு முறை கூடித் தம் குறைகளை அரசின் முன் வைக்கும் அவை. சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அவையில் 1911ஆம் ஆண்டளவில் நியமன உறுப்பினராகி, கால் நூற்றாண்டுக்கு மேல் அமர்ந்திருந்தவர் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி. புலையர் குலத்தில் பிறந்த அவருக்குப் பள்ளிக் கல்வி வாய்க்கவில்லை. இருந்தும், தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும், புறம்போக்கு நிலம் பதிந்து தரவேண்டும் என்ற கோரிக்கைகளை ஆண்டுதோறும் அவையின் முறைப்படி எழுப்பி, போன ஆண்டு கேட்டது என்ன ஆயிற்று என்று அடுத்த ஆண்டு கேட்டு, அரசின் பதிலைப் பதிவில் ஏற்றியவர் அவர். பொதுக்காரியத் திறன் படிப்பின் பின்விளைவு என்று கருதுவோர் அவருடைய அவை வாழ்க்கையை ஒருமுறை பார்க்கவேண்டும். எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டமாக 2011 மக்கள்தொகைக் கணக்கில் பதிவான குமரி மாவட்டத்தில், பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் பேரூராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத இன்னொருவரைத் தேடிப்போகும் நிலை இருக்கிறது என்றால், இல்லாதது படிப்பு ஆகாது.

திற்பரப்பிலிருந்து சிறிது தொலைவில் உள்ள மார்த்தாண்டத்தில் 1920களில் தொடங்கப்பட்ட ஒரு முயற்சிதான் இப்பொருளில் இப்பகுதி உலகுக்குக் காட்டிய மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. கிறிஸ்தவ இளைஞர் சங்கம், அதாவது ஒய்.எம்.சி.ஏ., அதுவரை நகரங்களில் விடுதியும் விளையாட்டுத் திடலும் நடத்திவந்த அமைப்பு. அதன் இந்தியத் தேசியப் பொதுச் செயலராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர், சேலத்தைச் சேர்ந்த கே.டி. பால். நாட்டின் பெரும்பகுதி கிராமத்தில் இருக்கையில் இளைஞர் சங்கம் நகரத்தில் மட்டும் இருப்பது பொருளற்றது என்று வாதிட்டு, கிராமப் புனரமைப்பு என்ற பணியை அவர் சங்கத்துக்குள் கொண்டுவந்தார். புனரமைப்பு என்ற சொல்லால் அன்று குறிக்கப்பட்டது, ஒரு கிராமத்தின் தொழில், உடல்நலம், கல்வி, சமூக உறவு, சமய வாழ்வு ஆகிய ஐந்தையும் பிரிக்காமல் ஒன்றாக எடுத்துச் செய்யும் வேலை. அமெரிக்கரான டி. ஸ்பென்சர் ஹாட்ச் இதற்காக மார்த்தாண்டத்தில் ஒரு செயல்விளக்க மையத்தை அமைத்து, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அதை நடத்தினார். 1932இல் வெளிவந்த அவருடைய நூல் மார்த்தாண்டத்தின் பெயரைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது.

அம்மையத்தின் கொள்கை சுருக்கமானது: மக்கள் தாமே செய்யக்கூடியதை மையம் செய்து கொடுக்காது, ஆனால் செய்யும்போது அருகிலிருந்து அறிவுரை கூறும் வல்லுநர் ஒருவர் எப்போதும் இருப்பார். கோழி வளர்ப்பவர்கள் சேர்ந்து முட்டை விற்பனைச் சங்கம் அமைத்தார்கள். தேனீ வளர்ப்போரும் நெசவாளரும் தத்தம் சங்கங்களை அமைத்தார்கள். இச்சங்கங்களை வருமானப் பெருக்கத் திட்டங்களாக மட்டும் பார்ப்போர் அவற்றின் பாதிப் பயனைத் தவறவிடுகிறார்கள். ஒருவர் கொண்டுவரும் முட்டை சிறியது, இன்னொருவருடையது பெரியது. இரண்டுக்கும் ஒரே விலையா? கெட்டுப்போனதற்கு யார் பொறுப்பு? விலை ஏறும்போது சங்கத்தை விட்டுவிட்டு வியாபாரியிடம் நேரே விற்கும் உறுப்பினரை என்ன செய்வது? இக்கேள்விகள் எழாத முட்டைச் சங்கம் உலகில் எங்கும் இருந்திருக்க முடியாது. தர நிர்ணயம், பங்கீடு, ஒழுங்கு நடவடிக்கை என்று அரசாங்கங்கள் பெரிய அளவில் செய்யும் எல்லாவற்றையும் ஒரு கூடை முட்டையை வைத்துக் கற்றுக்கொள்ளலாம் என்பதை மார்த்தாண்டம் காட்டியது. அதே காலத்தில் கோடைதோறும் பல மாநிலங்களிலிருந்து இளம் ஆசிரியர்களும் ஊழியர்களும் அங்கே வந்து சில வாரங்கள் தங்கிப் பயின்றார்கள். காலையில் வகுப்பும், பிறகு கிராமத்தில் கைவேலையும் என்று அமைந்த அப்பயிற்சியில், கோழிக்கூட்டைச் சுத்தம் செய்யாதவர் கிராமத் தலைமையைப் பற்றிக் கட்டுரை எழுத முடியாது.

1937இல் உருவான மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. பழைய முறையில் தேனடையைப் பிழிந்து எடுத்தார்கள். அதில் புழுவும் மெழுகும் கலந்துவிடும், கூட்டமும் அழியும். சட்டங்களை வெளியே எடுக்கக்கூடிய பெட்டிகளும், அடையைச் சிதைக்காமல் சுழற்றித் தேனைப் பிரிக்கும் கருவியும் வந்தபின் அது மாறியது. பிற்காலத்தில் ரப்பர் தோட்டங்கள் பரவியபோது, ரப்பர் தளிர்விடும் மாதங்களில் பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துத் தேன் எடுக்கும் முறை இம்மாவட்டத்தின் தொழிலாகவே ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் புழுநோய் என்ற வைரஸ் தாக்குதலால் தேனீக் கூட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. தனித்தனியே தொழில் நடத்தும் ஊரில் அத்தகைய இழப்பு தொழிலையே முடித்துவிட்டிருக்கும்; இங்கே நோயைத் தாண்டியும் தொழில் மீண்டது. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். கூடிப் பேசவும் பெட்டியைப் பகிரவும் பழகிய மக்கள் இருந்தது அவற்றில் ஒன்று என்று கொள்வது மிகையாகாது.

டென்மார்க்கில் நிகழ்ந்தது இதற்கு ஒப்பானது. கிருண்ட்விக் என்ற இறையியலாளரின் கருத்துகளால் தூண்டப்பட்டு 1844இல் ரோடிங் என்ற ஊரில் முதலாவது மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. தேர்வும் சான்றிதழும் இல்லாத அப்பள்ளிகளில் உழவர் வீட்டு இளைஞர்கள் குளிர்கால மாதங்களில் தங்கி, வரலாறும் மொழியும் விவாதமும் கற்றார்கள். 1880களிலிருந்து அந்நாடெங்கும் பரவிய பால் கூட்டுறவுச் சங்கங்களை நடத்தியவர்களில் பலர் அப்பள்ளிகளில் படித்தவர்கள். அங்கே பள்ளி முதலில் வந்தது, சங்கம் பின்னால் வந்தது. மார்த்தாண்டத்தில் இரண்டும் ஒன்றாகவே வந்தன.

மார்த்தாண்ட முறை பரோடா அரசுக்கும் எட்டியது. திவான் வி.டி. கிருஷ்ணமாச்சாரியின் காலத்தில், 1932இல், கோசம்பாவில் அதே போன்ற மையம் ஒன்று ஹாட்சின் துணையோடு தொடங்கப்பட்டது. கிருஷ்ணமாச்சாரி பிற்காலத்தில் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார். 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் மார்த்தாண்டத்தின் சொற்கள் பலவற்றை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளாமல் விட்டது சங்கத்தின் தன்னாட்சியை. வட்டார வளர்ச்சி அலுவலரும் கிராம சேவக்கும் வந்தபின், இலக்கும் நிதியும் மேலிருந்து இறங்கின. இளைஞர் மன்றங்கள் திறப்புவிழாவுக்குக் கைதட்டும் அமைப்புகளாகச் சுருங்கின. இந்தியக் கிராம வளர்ச்சியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு குறைவு.

மார்த்தாண்டத்துக்கும் எல்லை இருந்தது. நிலவுடைமையையும் அரசதிகாரத்தையும் அது தொடவில்லை. அதே ஆண்டுகளில் திருவிதாங்கூரின் பொதுவாழ்வு கொதித்துக்கொண்டிருந்தது: 1924இல் வைக்கம் சத்தியாக்கிரகம், 1926இல் சுசீந்திரம் சத்தியாக்கிரகம், சட்டமன்றத்திலும் அரசுப் பணியிலும் பங்கு கேட்டு ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் 1932 முதல் நடத்திய நிவர்த்தனப் போராட்டம், 1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம். இளைஞரின் பெரும் அரசியல் பள்ளி இப்போராட்டங்களே. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தம் அக்காலத்து இளைஞரின் தேடலுக்கு நல்ல சான்று. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தோடு தொடர்பு கொண்டிருந்து, பின்னர் சிராவயலில் ஆசிரமம் நடத்தி, 1927இல் காந்தியை அங்கே வரவேற்றவர் அவர். நாட்டுக்கு உழைக்கும் இளைஞரை உருவாக்கவென்றே தொடங்கப்பட்டதும் காங்கிரஸ் கட்சியின் நிதி பெற்றதுமான சேரன்மாதேவி குருகுலம், பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி என்ற ஏற்பாட்டால் 1924–25இல் பெரும் பூசலுக்கு உள்ளாகிச் சிதைந்தது. பார்த்திவசேகரபுரத்தின் வேலி ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் உணவுப் பந்தியில் எழுந்து நின்றது. ஒன்றாக உண்ணாத இளைஞர்கள் ஒன்றாக ஊரை நடத்த முடியும் என்று அக்குருகுலம் நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை பாடத்திட்டத்தின் எந்தக் குறையையும் விடப் பெரிது.

திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் 1945 முதல் 1956 வரை நடத்திய தாய்த்தமிழக இணைப்புப் போராட்டம் இன்னொரு தலைமுறையை உருவாக்கியது. பள்ளியாடியில் 1895இல் பிறந்த வழக்கறிஞர் ஏ. நேசமணி அதன் முதன்மைத் தலைவர். 1954ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்தில் 12 இடங்களை வென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தில் இணைந்தன. திற்பரப்பு அன்றைய கல்குளம் தாலுகாவைச் சேர்ந்தது. கோரிக்கை நிறைவேறியதும் இயக்கம் கலைந்தது. அதில் பயின்ற ஊக்கமெல்லாம் அடுத்து எங்கே பணியாற்றுவது என்ற கேள்விக்கு விடை தயாராக இல்லை. போராட்டம் துணிவைக் கற்பிக்கிறது, கூட்டத்தைத் திரட்டக் கற்பிக்கிறது. வென்றபின் ஒரு குடிநீர்க் குழாயை எந்தத் தெருவுக்கு முதலில் இடுவது என்று கற்பிப்பதில்லை.

அதைக் கற்பிக்கும் இடம் உள்ளாட்சி. ரிப்பன் பிரபு 1882 மே மாதத் தீர்மானத்தில் உள்ளாட்சியை நிர்வாக வசதிக்காக என்பதைவிட மக்களின் அரசியல் கல்விக்காகவே பரிந்துரைத்தார். காலனிய அரசு அதை எவ்வளவு அரைமனத்தோடு செய்தது என்பது வேறு. விளைவு மட்டும் அவர் சொன்னபடியே அமைந்தது. சேலம் நகராட்சிக்கு ராஜாஜியும், ஈரோடு நகராட்சிக்குப் பெரியாரும், அகமதாபாத் நகராட்சிக்கு வல்லபாய் படேலும், அலகாபாத் நகராட்சிக்கு ஜவாகர்லால் நேருவும் தலைவர்களாக இருந்த ஆண்டுகள் 1917க்கும் 1928க்கும் இடைப்பட்டவை. பிற்காலத்தில் ஒருவர்க்கொருவர் எதிர்த்திசையில் சென்ற இவர்கள் எல்லோரும் தொடக்கத்தில் சாக்கடையும் குடிநீரும் வரிப்பாக்கியும் பற்றிய கோப்புகளில் கையெழுத்திட்டவர்கள். கோகலே 1905இல் பூனாவில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம் இளைஞருக்கு ஐந்தாண்டுப் பயிற்சி விதித்தது. சீனிவாச சாஸ்திரியார் அதன் வழி வந்தவர். அச்சங்கம் அறிவும் துறவும் மிக்க ஒரு சிலரை நாட்டுக்குக் கொடுத்தது. ஒரு சிலரைத்தான் கொடுக்க முடிந்தது.

இன்றைய திற்பரப்புக்கு வந்தால், முதலில் கண்ணில் படுவது ஒரு சட்டச் சிக்கல். குமரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் வாழ்வதாகக் கருதப்படுகிறார்கள். ரப்பர்த் தோட்டமும் வாழைத்தோட்டமும் ஆறுமாகக் கிடக்கும் ஊர்களும் இக்கணக்கில் நகரங்களே. ஏனென்றால் அவை பேரூராட்சிகள். பேரூராட்சி என்பது கிராம ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட உள்ளாட்சி அமைப்பு. செயல் அலுவலர் என்ற அரசு அதிகாரியும், வார்டு உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுக்கும் தலைவரும் அதை நடத்துகிறார்கள். மாநிலத்தின் வேறெந்த மாவட்டத்தையும் விட இங்கே பேரூராட்சிகள் மிகுதி. திற்பரப்பும் அவற்றில் ஒன்று. கிராம ஊராட்சியில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் கிராம சபை உண்டு. வரவுசெலவை அங்கே படித்துக்காட்டியாக வேண்டும், 18 வயது நிரம்பிய எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். பேரூராட்சியில் வாழ்வோர்க்கு அந்த வாய்ப்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை. தமிழகப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை 2004இல் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. பெயர் இருமுறை மாறியதில் இளைஞருக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2022இல்தான் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தன. பகுதி சபை என்பது ஒரு வார்டின் ஒரு பகுதியில் உள்ள வாக்காளர்கள் கூடும் கூட்டம். கிராம சபைக்கு நகர்ப்புறத்தில் நிகரானது. அது கூடுகிற நாள், நேரம், எடுக்கப்படும் குறிப்பு ஆகியவை ஊருக்குத் தெரியாமல் போனால், விதி ஏட்டில் மட்டுமே இருக்கும்.

தேர்தல்களும் ஒழுங்காக நடைபெறவில்லை. 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிக் காலத்துக்குப்பின், இம்மாவட்டத்தின் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும், நகர்ப்புற அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றும்தான் தேர்தல் நடந்தது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். 2016இல் 16 வயதாக இருந்த திற்பரப்பு இளைஞர் ஒருவர் வாக்குரிமை பெற்று, பட்டம் பெற்று, வேலை தேடி வெளியூர் கிளம்பும்வரை தம் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்றைக் கண்டிருக்கமாட்டார். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டினால் நிலை வேறு. கேரளத்தில் 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டதை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. உறுப்பினர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் பயிற்சி தரத் திருச்சூருக்கு அருகில் கிலா என்ற நிறுவனம் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கொருமுறை பெரும்பாலும் தவறாமல் நடைபெறுகிறது. 2020இல் திருவனந்தபுரம் மாநகராட்சியின் மேயரான ஆர்யா ராஜேந்திரனுக்கு அப்போது வயது 21. அதை ஒரு கட்சியின் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மாணவர் பேரவைத் தேர்தலும் சிறுவர் அமைப்புகளும் உயிரோடு இருக்கும் சூழலில்தான் அத்துணிச்சல் சாத்தியமாகிறது. தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பேரவை என்பது முதல்வர் நியமிக்கும் குழுவாகவே இருக்கிறது.

பயிற்சி எப்படி அமையலாம் என்பதற்கான விடை சட்டத்திலேயே பாதி இருக்கிறது. வாக்களிக்கும் வயது 1989 முதல் 18. உள்ளாட்சியில் போட்டியிடும் வயது 21. இடையே மூன்று ஆண்டுகள். இளநிலைப் பட்டப்படிப்பின் காலமும் மூன்று ஆண்டுகளே. இந்த மூன்றாண்டைப் பேரூராட்சியோடு இணைத்துவிடலாம். முதலாண்டில் இளைஞர் கற்கவேண்டியது மன்றப் பொருளைப் படிக்க. மன்றப் பொருள் என்பது கூட்டத்தில் முடிவுக்கு வைக்கப்படும் ஒவ்வொரு விவகாரத்தையும், அதற்கு ஆகும் செலவையும், அலுவலகக் குறிப்பையும் கொண்ட பட்டியல். திற்பரப்பு போன்ற ஊரில் இது உயிருள்ள பாடப்புத்தகம். அருவிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் கட்டணம் எவ்வளவு வந்தது, வாகன நிறுத்தமிடக் குத்தகை எந்தத் தொகைக்குப் போனது, அந்தப் பணத்தில் எவ்வளவு குப்பை அகற்றவும் கழிப்பறை பராமரிக்கவும் செலவாயிற்று என்பனவற்றைத் தேடிப்பார்த்த இளைஞருக்கு, சொத்துவரி, தொழில்வரி, மாநில நிதிக்குழு மானியம் ஆகியவற்றைத் தனியே விளக்கவேண்டியிருக்காது. பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்படும்போது கோதையாற்றில் வெள்ளம் பெருகி அருவியில் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. அன்று கட்டண வருவாயும் இல்லை, கரையோரக் கடைக்காரருக்கு வியாபாரமும் இல்லை. அணை நீர்வளத் துறையுடையது, அருவிக்கரையின் ஒழுங்கு பேரூராட்சியுடையது, பாதுகாப்பு காவல்துறையுடையது. ஒரு தடையறிவிப்பு எத்தனை அலுவலகங்களைக் கடந்து கரைக்கு வருகிறது என்று பின்தொடர்ந்தால், அதிகாரம் பிரிந்து கிடக்கும் விதம் எந்தப் பாடநூலையும் விடத் தெளிவாக விளங்கும்.

இரண்டாமாண்டில் பகுதி சபையின் நடவடிக்கைக் குறிப்பை எழுதும் வேலையை அவர்களிடம் விடலாம். எளிதாகத் தோன்றும் இவ்வேலை உண்மையில் கடினமானது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசிய கூட்டத்தில் எது கோரிக்கை, எது வசை, எது முடிவு என்று பிரித்து, பேசியவர் ஒப்புக்கொள்ளும்படி எழுதவேண்டும். தமக்குப் பிடிக்காதவர் சொன்னதையும் அவர் சொன்ன வலுவோடு எழுதவேண்டும். அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை வாசித்து, எது நிறைவேறியது எது நிறைவேறவில்லை என்று செயல் அலுவலரைக் கேட்பதும் அவர்கள் பொறுப்பாகலாம். அய்யன்காளி பிரஜா சபையில் செய்தது இதைத்தான். மூன்றாமாண்டில் ஒரு சிறு தொகையை, வரம்புக்குட்பட்டு, தீர்மானிக்கும் பொறுப்பையே கொடுக்கவேண்டும்: ஒரு படிப்பகத்தின் நூல் கொள்முதலோ, ஒரு விளையாட்டுத் திடலின் பராமரிப்போ போதும். பணம் கைக்கு வராத பயிற்சி, நீரில் இறங்காமல் நீச்சல் கற்பதற்கு ஒப்பு. தணிக்கையும் அவர்களுக்கு உண்டு. தவறினால் ஊர் கேட்கும்.

இத்திட்டத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை அற்பமானவை அல்ல. கட்சிகள் இதைத் தங்கள் ஆள்சேர்ப்புக் களமாக்கிக்கொள்ளும் என்பது ஒன்று. ஆக்கிக்கொள்ளட்டும், கணக்குப் படிக்கத் தெரிந்த தொண்டர்கள் கட்சிகளுக்கும் தேவை. பிரச்சினை, கட்சிக்காரர் தேர்வுசெய்யும் இளைஞர்கள் மட்டும் உள்ளே வருவதில்தான் இருக்கிறது. அதைத் தடுக்க விண்ணப்பித்தவர்களிடையே குலுக்கல் முறையே நேர்மையானது. நேர்காணல் என்று வைத்தால் பழைய வேலி புதிய பெயரில் திரும்பிவரும். சாதி இன்னொன்று. மாவட்டத்தின் சபைகளும் சங்கங்களும் சமுதாய அமைப்புகளும் இளைஞருக்குக் கூட்டம் நடத்தவும் நிதி திரட்டவும் நன்றாகவே கற்பிக்கின்றன. திருவிழாக் கமிட்டியில் வரவுசெலவு எழுதிப் பழகியவர் ஊரெங்கும் உண்டு. அத்திறன் தன் சமுதாயத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதே குறை. பேரூராட்சி மன்றம் எல்லாச் சமுதாயத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே பணத்தைப் பங்கிடும் இடமாதலால், கமிட்டியில் கற்றதை அங்கே கொண்டுவர வழிசெய்வதே போதுமானது. புதிதாக எதையும் கற்பிக்கத் தேவையிருக்காது.

பெண்கள் நிலை தனியே பேசப்படவேண்டியது. தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் ஒதுக்கப்பட்டுள்ளது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பதிலாக அவருடைய கணவரோ தந்தையோ மன்ற அலுவலகத்தில் அமரும் வழக்கத்தை எல்லோரும் கண்டிக்கிறார்கள். அப்பெண் இருபது வயதில் எந்தக் கூட்டத்துக்கும் அனுப்பப்படவில்லை என்பதைப் பற்றிக் கவலைப்படுபவர் குறைவு. பகுதி சபை கூடும் நேரத்தை முடிவுசெய்வதிலேயே இது தொடங்குகிறது. மாலை ஆறு மணிக்குமேல் வைக்கப்படும் கூட்டத்தில் இளம்பெண்கள் இருக்கமாட்டார்கள். காலையில் வைத்தால் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தொழிலாளர் இருக்கமாட்டார். மரத்தில் பால் வெட்டுவதும் பால் எடுத்துச் சேர்ப்பதும் நண்பகலுக்குள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி தேவாலயத்துக்குப் போய்வந்தவர்க்கும், தோட்டத்திலிருந்து வந்தவர்க்கும், கல்லூரி விடுதியிலிருந்து வார விடுமுறைக்கு வந்த பெண்ணுக்கும் ஒத்துவரும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. அதற்கு முந்தைய வரவுசெலவுத் திட்டக் கூட்டத்துக்கான மன்றப் பொருளைக் கூட்டத்துக்குச் சில நாள்கள் முன்பே படிப்பகத்தின் சுவரில் ஒட்டவும், ஒரு பிரதியை அருகிலுள்ள கல்லூரி நூலகத்துக்கு அனுப்பவும் பேரூராட்சிக்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை; தலைவரின் ஒரு கையெழுத்து போதும்.